செடி சார் போட்ட வேலி

செடி சார் வாழ்க்கையில் உருப்படியாக எடுத்த தீர்மானங்கள் இரண்டு. ஒன்று, சிகரெட்டை விடுவது. அதைப் பலமுறை எடுத்திருக்கிறார். இன்னொன்று, அண்ணன் முகத்தில் முழிப்பதில்லை என்பது. அதை ஒரே ஒரு தடவைதான் எடுத்தார். சிகரெட் விஷயத்தில் செலவழிக்காமல் மிச்சம் வைத்திருந்த வைராக்கியம் மொத்தத்தையும் அண்ணன் விஷயத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்.

கட்டடம் கட்டி முடித்தவர்கள் கையைத் தட்டிவிட்டுப் போன பிறகு, சுற்றிக் கிடக்கும் வெற்று மண்ணைப் பார்த்து, எங்கே நிழல், எங்கே நடைபாதை, எங்கே உட்கார இடம், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று வரைந்து, ஆள் வைத்துச் செய்தும் கொடுப்பது அவர் தொழில். வாசல் பலகையில் 'வெளிப்புற வடிவமைப்பாளர்' என்று போட்டிருந்தார். வெளியே ஏதோ வேலை பார்க்கிறவர் என்று மட்டும் ஜனங்களுக்குப் புரிந்தது. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து செடி சார் என்று வைத்துவிட்டார்கள். கைராசிக்காரர். குச்சியை ஊன்றினால் துளிர்க்கும். வயசான காலத்தில் இவரிடம் கைத்தடியைக் கொடுக்கவே யோசிக்க வேண்டும், அதுவும் வேர் விட்டுவிடும் என்று அவர் மனைவியே சொல்வாள்.

அந்த மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மாத்திரையைக் கசப்பு தெரியாமல் விழுங்க வைக்கிற வித்தை அவளுக்குத் தொழில்முறையாகவே தெரியும். வீட்டுக்குள்ளும் அதே முறைதான். செடி சார் பல விஷயங்களை விழுங்கியிருக்கிறார். விழுங்கியது அவருக்குத் தெரியாது.

அண்ணன் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்தவர். காலம் பூராவும் மற்றவர்கள் பேசியதை எழுதி எழுதி, தனக்கென்று பேச வார்த்தை மிச்சமில்லாமல் போனவர் மாதிரி இருப்பார். அப்பா பழைய வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். அப்பா இறந்துபோன சேதி வந்தபோது செடி சார் எங்கேயோ ஒரு மலையடிவாரத்தில் ஒரு ஹோட்டலுக்குப் புல்வெளி போட்டுக்கொண்டிருந்தார். விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டைக் கழுவிவிட்டு ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். அரைநாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தார். மறுபடியும் கேட்டார். அண்ணன் மறுபடியும் தரையைப் பார்த்தார்.

"அப்பா முகத்தை எனக்குக் காட்டாம அனுப்பினவனுக்கு இனிமே என் முகத்தையும் காட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான். அப்புறம் கல்யாணம், காட்சி, காய்ச்சல், ஆபரேஷன் எதற்கும் போகவில்லை. அண்ணனும் கூப்பிடவில்லை. ரோஷத்தில் அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

அப்பாவின் பழைய வீடு வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு பில்டர் வந்தார். அந்த இடத்தில் எட்டு வீடு ஒட்டினாற்போல் கட்டுவதாகவும், அண்ணன் தம்பிகளுக்கு ஆளுக்கொரு வீடு என்றும் பேச்சாயிற்று. செடி சார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முதல் வீடு தனக்கு, கடைசி வீடு அவனுக்கு. எட்டு வீட்டு வரிசையில் எஞ்சினும் கடைசிப் பெட்டியும் எந்தக் காலத்தில் முகம் பார்த்துக்கொண்டன? பில்டர் தலையாட்டினார். செடி சார் நிம்மதியாக வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். மனைவி மட்டும் சமையலறை அளவைப் பார்த்து வருகிறேன் என்று இரண்டு மூன்று முறை பில்டர் ஆபீசுக்குப் போய் வந்தாள்.

திரும்பி வந்து பார்த்தால், எட்டு வீடும் நேராக இல்லை. லாடம் மாதிரி வளைந்து நின்றன. நடுவில் முற்றம். லாடத்தின் இரண்டு நுனிகளும் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பியிருந்ததால் முதல் வீடும் கடைசி வீடும் ஒரு துண்டு மண்ணை நடுவில் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. வெளிச்சம், காற்றோட்டம் என்றார் பில்டர். முதல் வீடு முதல் வீடுதானே, கடைசி வீடு கடைசி வீடுதானே என்றும் கேட்டார். செடி சார் வரைபடத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்படியும் லாடம்தான்.

அதோடு முற்றத்து வேலையையும் பில்டர் அவர் தலையில் கட்டினார். இதே இடத்தில் குடியிருக்கப் போகிற கைராசிக்காரர் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்றார்.

குடி வந்த புதிதில் ஒருநாள் மாலை, மனைவி அலமாரியை அடுக்கிக்கொண்டே, "உங்க அண்ணனுக்கு உடம்பு முடியலையாம்" என்றாள்.

"இந்த வீட்ல அந்தப் பேச்சு வேண்டாம்."

"சரிங்க."

இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவருக்கு அந்தச் 'சரிங்க' வந்த வேகத்தில் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மறுநாளிலிருந்து அவள் டாக்டர் சொன்னார் என்று காலையில் நடக்கப் போக ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருவாள். செருப்பில் ஒரு தூசி இருக்காது. கைகள் மட்டும் சோப்பு வாசனை அடிக்கும். அதையும் அவர் கவனிக்கவில்லை.

முற்றத்தை எப்படி அமைப்பது என்று முடிவு செய்ய எல்லா வீட்டுக்காரர்களும் கூடினார்கள். பல் டாக்டருக்கு நிழல் வேண்டும், ஆனால் இலை கொட்டக் கூடாது. நாய் வைத்திருந்தவருக்குப் புல்வெளி வேண்டும், மற்றவர்கள் யாரும் அதில் நடக்கக் கூடாது. ஒரு டீச்சரம்மா மரம் எதுவானாலும் சரி, அதில் பறவை வந்து உட்காரக் கூடாது என்றார். உதிராத மரம், மிதிபடாத புல், மரத்தை மதிக்கிற பறவை எல்லாவற்றுக்கும் செடி சார் பணிவாகத் தலையாட்டிவிட்டு, தான் வரைந்து வைத்திருந்ததையே விரித்தார். நடுவில் ஒரு மரம், அதைச் சுற்றி உட்கார வட்டத் திண்டு, வீட்டு வாசல்களை இணைக்கும் கல்பாதை, ஓரமெல்லாம் பூச்செடி. கடைசியில், போகிற போக்கில் சொல்வது மாதிரி, முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு அடர்த்தியாக ஒரு வேலி என்றார். காற்றைத் தடுக்க.

காற்றோட்டத்துக்காகத்தானே வீட்டையே வளைத்தோம் என்று பில்டர் இழுத்தார். கடைசி வீட்டிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை. திமிர் என்று செடி சார் நினைத்தார். அப்போது பின்வரிசையிலிருந்து அவர் மனைவி கையைத் தூக்கினாள். வேலி அவசியம் வேண்டும் என்றாள். செடிவேலிதான் அழகு என்றாள். அதை இவரே தன் கையால் நட்டு, இவரே தினமும் பார்த்துக்கொள்ளட்டும், வேலையாள் கையில் விட்டால் விளங்காது என்றாள். எல்லோரும் சரி என்றார்கள். செடி சாருக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் தன் கட்சி பேசியது இதுதான் முதல் தடவை என்று வீட்டுக்கு வந்ததும் அவளிடமே சொன்னார்.

முதலில் குட்டை மூங்கில் நட்டார். நெருக்கமாக, நூல் பிடித்து, தொழு உரம் போட்டு. சில நாளில் இலை நுனி காய்ந்தது. பிறகு தண்டு காய்ந்தது. பிறகு வரிசை பூராவும் துடைப்பக்கட்டை மாதிரி நின்றது. பிடுங்கி எறிந்துவிட்டுக் காகிதப்பூச் செடி வைத்தார். முள்ளும் ஆச்சு, பூவும் ஆச்சு என்று கணக்கு. அது மூங்கிலைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

மற்ற எல்லாம் செழித்தன. நடு மரம் புதுத் துளிர் விட்டது. ஓரத்துப் பூச்செடிகள் பூத்துக் குலுங்கின. பல் டாக்டர்கூட விழுந்த இலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த ஒரு துண்டு மண்ணில் மட்டும் எதை வைத்தாலும் சாகிறது. செடி சார் வேரைப் பிடுங்கிப் பார்த்தார். பழுப்பேறி, வெந்தமாதிரிக் குழைந்திருந்தது. தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது என்று முடிவு கட்டினார். வேரில்தான் கோளாறு என்று நினைத்தவருக்கு அது வேறு கோளாறு என்று தோன்றவே இல்லை. வாய்க்கால் வெட்டினார். ஜல்லி நிரப்பினார். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மண் அருமையான மண் என்று பதில் வந்தது. அவர் போட்ட வடிகாலால் அடுத்து அடித்த பேய்மழையில் பக்கத்துத் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நிற்க, இந்த முற்றம் மட்டும் காலையில் பெருக்கிவிட்ட கூடம் மாதிரி இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாவதாக அரளி வைத்தார். நெடுஞ்சாலை நடுவில் நின்று லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு பூக்கிற ஜாதி. அதைக் கொல்வதற்குத் தனித் திறமை வேண்டும். அதுவும் இலையைத் தொங்கப் போட்டது.

இப்போது அவர் அங்கேயே பழியாகக் கிடந்தார். காலையில் காப்பியை முடித்ததும் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கடைசி வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். அந்த வீட்டின் ஜன்னல் பத்தடி தள்ளி இருந்தது. எப்போதும் வலைத் திரை போட்டிருக்கும். அந்தப் பக்கம் பார்ப்பதே பாவம் என்று இருந்தவருக்கு அது ஜன்னலா சுவரா என்றுகூடத் தெரியாது. உட்கார்ந்து செடிகளோடு பேசுவார். முதலில் கொஞ்சுவார், அப்புறம் திட்டுவார். முழங்கால் வலியைச் சொல்வார். மனைவி சர்க்கரையை ஒளித்து வைப்பதைச் சொல்வார். ஒருநாள், என்ன நினைத்தாரோ, கடைசி மூச்சில் இருந்த ஒரு அரளியிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அந்த முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், அப்புறம் தனக்கு யார் மேலும் கோபம் இருந்திருக்காது என்றார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். அரளி மறுநாள் செத்தது.

நாலாவது தடவையாக இன்னும் முற்றிய அரளிக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டுவிட்டு, மருந்து வாங்க நாற்றுப் பண்ணைக்குப் போனார். குளிர்ந்த காலை. பண்ணை பூட்டியிருந்தது. பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். முற்றத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார்.

அவர் மனைவி கையில் கெட்டிலோடு குனிந்து நின்றிருந்தாள். வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்குப் பால் ஊற்றுகிற மாதிரி, ஒவ்வொரு செடிக்கும் அளவாக, பொறுமையாக ஊற்றிக்கொண்டே வந்தாள். ஊற்றிய இடத்திலிருந்து ஆவி கிளம்பியது. அவளுக்குப் பின்னால் அண்ணி இன்னொரு கெட்டிலோடு தயாராக நின்றாள். வேலியே பயிரை மேய்ந்ததாகச் சொல்வார்கள். இங்கே வேலியையே வீட்டுக்காரி மேய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?" என்றார்.

அவள் திடுக்கிடவில்லை. "தண்ணி ஊத்தறேன்."

"ஆவி பறக்குது."

"ஆறட்டும்னுதான் பாத்தேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. மெல்லிய சிரிப்பு. அது பாதியில் இருமலாகி, இருமல் நெடுநேரம் நிற்காமல், கடைசியில் ஒரு முனகலில் முடிந்தது. அண்ணி கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். பிறகு அந்த வலைத் திரை ஒரு பக்கமாக விலகியது.

"ஆழம் பத்தலடா."

தீர்மானம் நினைவுக்கு வருவதற்குள் செடி சார் திரும்பிவிட்டார். அவருக்குத் தெரிந்த முகத்தில் பாதிதான் தலையணையில் இருந்தது. கன்னம் இருந்த இடத்தில் பள்ளம். தலையில் ஒரு முடி இல்லை. கண்கள் மட்டும் அதே கண்கள், அப்பாவின் கண்கள். கட்டில் ஜன்னலை ஒட்டி, வெளியே பார்க்க வசதியாகப் போட்டிருந்தது.

"என்ன சொன்னே?"

"நீ தோண்டற குழி ஆழம் பத்தல. அதான் எல்லாம் சாகுது."

"உனக்குச் செடியைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது" என்றார் அண்ணன். மூச்சு வாங்கியது. "ஆனா நீ நட்டதைவிட எனக்கு ஆயுசு கெட்டி."

செடி சார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். மண்வெட்டியை எதற்கு எடுத்துப் போனார் என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவி பின்னாலேயே வந்தாள். அவர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அண்ணனுக்குப் புற்றுநோய், முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலை நடை என்று அவள் போனது அண்ணனைத் துடைத்துவிட்டு, புண்ணுக்கு மருந்து வைத்து, புரட்டிப் படுக்க வைப்பதற்கு. துடைக்கக் காய்ச்சிய வெந்நீரில் மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று, இவர் முக்காலியோடு வருவதற்குள் செடிக்கு ஊற்றினார்கள். சில நாள் மிஞ்சாது. அந்த நாட்களில் இதற்கென்றே காய்ச்சினார்கள். அண்ணனுக்கு எல்லாம் தெரியும். காலையில் கண்ணைத் திறந்ததும், அவன் வந்துட்டானா என்றுதான் கேட்பாராம். இவர் செடியைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு இருக்கும் நேரத்தில் வலி மாத்திரை கேட்க மாட்டாராம்.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"பேச்சு வேண்டாம்னீங்க. நான் பேசினேனா?"

"அப்ப அன்னிக்கு மீட்டிங்ல வேலி வேணும்னு எதுக்குக் கையைத் தூக்கினே?"

அவள் கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். "வேண்டாம்னு சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டு அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க. வேலி நல்லா வளந்திருந்தாலும் வந்திருக்க மாட்டீங்க. சாகிற செடின்னாத்தான் நீங்க பக்கத்துலயே கிடப்பீங்க."

அவர் வாசலுக்கு வந்து அந்த அரளி வரிசையைப் பார்த்தார். பிறகு அதற்கு அப்பால் இருந்த வலைத் திரையைப் பார்த்தார்.

மறுநாள் காலை முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். பழக்கதோஷத்தில் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கவாட்டில் திருப்பினார். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு முழுசாகத் திருப்பினார். வீட்டுக்குள் மட்டும் போகவில்லை. தீர்மானத்தில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கட்டும் என்று வெளியிலேயே உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் ஆழத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. அண்ணன் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்குவார். தம்பி அதற்குள் பத்து வாக்கியம் பேசி முடித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பார். அண்ணன் விடவில்லை. கடைசியில் வாயை அடைப்பதற்காகவே செடி சார் நாலாவது தடவை நட்ட கன்றுகளைக் கிளப்பி, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டித் திரும்ப நட்டார்.

அவை பிழைத்துக்கொண்டன. பிழைத்ததோடு நிற்கவில்லை. வெந்நீர் நின்றுபோனதில், ஜல்லியும் வடிகாலும் தொழு உரமும் சேர்ந்து, அரளி வெறி பிடித்தமாதிரி வளர்ந்தது.

"சொன்னேன்ல, ஆழம்" என்றார் அண்ணன்.

வெந்நீர் ஊற்றாததால் வளர்கிறது என்பது அந்த ஆளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தலையணையில் படுத்தபடி கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி பார்த்தார். வளர்ந்த அரளி ஜன்னலை மறைக்கப் பார்த்தது. முற்றத்து மரமும், திண்டில் உட்கார்ந்திருப்பவர்களும், நாய்க்காரர் நாயைத் துரத்திக்கொண்டு ஓடுவதும் அண்ணனுக்குத் தெரிய வேண்டுமே என்று, தான் உயிரைக் கொடுத்து வளர்த்த வேலியைத் தானே தினமும் கத்தரித்தார். இன்று வெட்டினால் நாளை துளிர்த்தது.

ஆனால் ஜன்னலுக்குள் இருந்தது தேய்ந்துகொண்டே போனது. பேச்சு வாக்கியத்திலிருந்து வார்த்தைக்கு வந்தது. சில காலைகளில் திரை விலகாது. உள்ளே முனகல் மட்டும் கேட்கும். அன்றெல்லாம் செடி சார் வெட்டிய இடத்தையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. திரை விலகியிருந்தது. அண்ணன் அவரை ஜாடை காட்டிக் கூப்பிட்டார். செடி சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அன்னிக்கு அந்தச் செடிகிட்ட அப்பாவைப் பத்திச் சொன்னியே."

செடி சார் கத்தரிக்கோலை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் போய்க் கதவைத் திறந்தப்ப, அப்பா போய்ச் சில நாள் ஆயிருந்தது. வெயில் காலம்." மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "முகம்னு ஒண்ணு இல்லடா. அதான் உனக்காக நிக்கல."

தூறல் விழ ஆரம்பித்தது.

"அந்தச் சில நாள்ல நீயும் போன் பண்ணல, நானும் பண்ணல. உங்கிட்டச் சொன்னா நீயும் பாத்த மாதிரிதான். ஒருத்தன் பாத்தது போதும்னு விட்டுட்டேன்."

செடி சார் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். மழை வலுத்தது. பிறகு ஜன்னலை விட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். காலெல்லாம் சேறு. கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. அண்ணி வழியை விட்டு ஒதுங்கினாள். அவர் பதித்துக்கொண்டு போன சேற்று அடிகளைப் பார்த்தாள், துணியை எடுக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையோடு சேர்த்து அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டார். குச்சி மாதிரி இருந்தது அந்தக் கால். தன் கைராசியை அன்றைக்கு அவர் மனசார நம்ப ஆசைப்பட்டார்.

அதன் பிறகு வந்த நாட்களில், துடைத்துவிடும்போது புரட்டிப் பிடிப்பது அவர் வேலை ஆயிற்று. மனைவி எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். செடியைத் தூக்குகிற மாதிரி, வேரோடு சேர்த்துத் தூக்குங்க என்றாள். அண்ணன் ஒரு மதியத்தில், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், யாரையும் கூப்பிடாமல் போய்விட்டார். செடி சார் ஈரத் துணியால் அந்த முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்து, தூக்கலாமா என்று கேட்டபோதுதான் எழுந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் போய், வீடுகள் அமைதியான பிறகு, அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அந்தத் துண்டு மண்ணுக்கு வந்தார். காலையிலிருந்து இருட்டும் வரை வேலி முழுவதையும் கிளப்பினார். முழங்கால் ஆழத்தில் இருந்த வேர் லேசில் வரவில்லை. ஒவ்வொன்றையும் சாக்கில் சுற்றி, வெளிச்சுவர் ஓரமாகக் கொண்டுபோய் நட்டார். மதியச் சாப்பாட்டைத் திண்டுக்கே வரவழைத்துச் சாப்பிட்டார். வேலை செய்துகொண்டே மனசுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்தார். அண்ணி அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாள். இனி இந்த இரண்டு வாசலுக்கும் நடுவே தடுப்பே கூடாது. நல்ல கல்லாகப் பார்த்துப் பாதை போட வேண்டும். இதை மனைவியிடம் எந்த இடத்தில் நிறுத்தி, எந்த வார்த்தையில் அழுத்திச் சொல்வது என்றுகூட முடிவு செய்துவிட்டார். இத்தனை காலத்தில் அவள் அசந்துபோய், கண் கலங்கி, தன்னை ஒரு தடவையாவது பெரிய மனுஷனாகப் பார்க்கப் போகிற நேரம் இது என்று நினைத்துக்கொண்டார்.

மண் கையோடு வீட்டு வாசலில் நின்று சொல்லி முடித்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தினார்.

மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "நல்ல யோசனை. போடுங்க" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "செருப்பைச் சத்தமில்லாம கழட்டிட்டு வாங்க. அக்கா உங்க வரையற ரூம்ல இப்பத்தான் கண்ணசந்தாங்க" என்றாள்.

"அண்ணி இங்க வந்துட்டாங்களா? எப்ப?"

"காலைல. நீங்க முதல் செடியைக் கிளப்பிட்டிருந்தீங்க. உங்களைத் தாண்டித்தான் பெட்டியைத் தூக்கிட்டு வந்தோம்."

செடி சார் சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தார்.

"இனிமே இங்கயேவா?"

"பின்னே, அங்க தனியாவா இருப்பாங்க?"

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக் கேட்டார்.

"அப்ப நான் போடற பாதை யாருக்கு?"

"உங்களுக்குத்தான்" என்றாள், கடைசித் துணியை உதறி மடித்தபடி. "உங்க வரையற மேசையை அந்த வீட்டு ஜன்னலண்டை போட்டாச்சு."